யார் வாயில் வந்த சொல்?

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வை முதல் தடவை எழுதியபோது என்னைக் கவிழ்த்தது ஆங்கிலம். முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகள், அதில் 25 ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தப்பாகக் குறித்தால் அரை மதிப்பெண் கழியும். கணக்கில் சம்பாதித்ததை ஆங்கிலத்தில் தொலைத்துவிட்டு வெளியே வந்தேன்.

உழைக்காமல் போகவில்லை. தமிழ் வழியில் படித்தவன் என்ற பயத்திலேயே ஒரு வருடம் முழுக்க நாளைக்கு 40 சொல் என்று உருப்போட்டேன். பயிற்சி மையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டில் சொற்களைத் தலைப்புவாரியாகப் பிரித்திருந்தார்கள். அடக்குமுறை, மோதல், மனித குணங்கள் என்ற மூன்று தலைப்புகள்தான் எல்லாவற்றிலும் நீளம். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். டிரனி என்றால் கொடுங்கோன்மை. டெஸ்பாட்டிசம் என்றாலும் கொடுங்கோன்மை. ஒப்ரெஸ் என்றால் அடக்கு, சப்ரெஸ் என்றால் அடக்கு, ரிப்ரெஸ் என்றாலும் அடக்கு. காலையில் படித்ததில் பாதி மாலையில் இருக்கும், மறுநாள் அதுவும் போய்விடும். மிச்சம் இருப்பது ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும்.

ஒரு மாதிரித் தேர்வில், போலீஸ் கலவரத்தை என்ன செய்தது என்று ஒரு கோடிட்ட இடம் வந்தது. கீழே அந்த மூன்று சொற்களும் வரிசையாக நிற்கின்றன. மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். குத்துமதிப்பாக ஒன்றைக் குறித்தேன். தப்பு.

அன்று சாயங்காலம் குழாயடியில் அம்மாவின் பித்தளைக் குடம் கைதவறி விழுந்து ஒரு பக்கம் ஒடுங்கிவிட்டது. அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இந்த ஒடுக்கை எடுக்கணும்டா, இல்லேன்னா ஓட்டை விழுந்துரும்" என்றார். எனக்குச் சட்டென்று எங்கோ இடித்தது. ஒடுக்குமுறை என்ற சொல்லை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன், சுவரொட்டியில் படித்திருக்கிறேன். அதற்குள் ஒரு குடத்தின் நெளிவு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. அழுத்தம் ஒரு நொடிதான். ஒடுக்கு அப்படியே நிற்கிறது.

அதன் பிறகுதான் அந்த மூன்று ஆங்கிலச் சொற்களையும் பிரித்துப் பார்த்தேன். மூன்றிலும் உள்ள 'ப்ரெஸ்' ஒன்றுதான், லத்தீனில் அழுத்துவதைக் குறிக்கும் வேர். முன்னால் ஒட்டியிருப்பதுதான் வேறு. ஒப்ரெஸ் என்பது மேலே ஏறி அழுத்துவது. மனிதர்கள் மீது, பெரும்பாலும் நீண்ட காலத்துக்கு. சப்ரெஸ் என்பது கீழே அமுக்குவது. கிளம்பி வருவதை, கலவரத்தையோ செய்தியையோ ஆதாரத்தையோ, தண்ணீருக்குள் பந்தை அமுக்குவதுபோல். ரிப்ரெஸ் என்பது வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளுவது. அழுகையை, கோபத்தை, ஆசையை. அரசாங்கம் மக்களை வாய் திறக்கவிடாமல் செய்வதற்கும் இதைச் சொல்வார்கள். தமிழில் எனக்கு ஒடுக்கு, அமுக்கு, அடக்கு என்று மூன்றும் கைவசம் இருந்தன. ஜெராக்ஸ் கட்டுதான் மூன்றையும் ஒன்றாக்கி வைத்திருந்தது.

இதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்தது. ஆங்கிலச் சொல் ஒன்றைப் படித்தால், அதற்குரிய தமிழ்ச் சொல்லையும் அதே அளவு உற்றுப் பார்ப்பேன். அடக்கம் என்பது நமக்கு நற்குணம், திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே இருக்கிறது. அடக்குமுறை கொடுமை. இரண்டும் ஒரே 'அடங்கு', 'அடக்கு' என்ற சொல்லில் பிறந்தவை. தன்னைத் தானே அடக்கினால் அடக்கம், இன்னொருவன் வந்து அடக்கினால் அடக்குமுறை. யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. இந்த ஒரு கேள்வியைத்தான் பிறகு எல்லாச் சொல்லுக்கும் கேட்க ஆரம்பித்தேன்.

இதை எனக்கு முழுசாகப் புரியவைத்தவர் அம்மா. எங்கள் ஊர் ராணிப்பேட்டைப் பக்கம். அம்மா ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் லைனில் இருந்தார். ஒரு மாதம் சம்பளச் சீட்டில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, இரண்டு மணி நேரம் குறைந்திருந்தது. கேட்கப் போனார். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "உனக்குத் திமிர் ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா அதை வீட்டில் சொன்னபோது என் கையில் இருந்த தாளில் இன்சலண்ட் என்ற சொல்லும் 'திமிர் பிடித்த' என்ற பொருளும் இருந்தன. தற்செயல்தான்.

"திமிருன்னு யாரைம்மா சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"கீழ இருக்கறவங்க வாயத் தொறந்து கேட்டா திமிரு. மேல இருக்கறவன் அதே மாதிரி பேசுனா அதுக்குப் பேரு கண்டிப்பு."

அகராதியில் போய்ப் பார்த்தேன். இன்சலண்ட் என்பதற்குக் கொடுத்திருந்த எடுத்துக்காட்டுகளில் வந்தவர்கள் மாணவன், வேலைக்காரன், பணியாள். முதலாளி ஒருவர்கூட இல்லை. மேலே இருப்பவர் தலைக்கனத்தோடு நடந்தால் அதற்கு வேறு சொற்கள்: ஆரகண்ட், ஹாட்டி, இம்பீரியஸ். தேர்வில் இந்தச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் குழப்புவார்கள். அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் அதில் ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை.

குணம் பற்றிய சொற்களில் பாதி இப்படித்தான். டோசைல் என்றால் 'பணிவான, சாதுவான' என்று எழுதியிருந்தது. அதன் வேர் லத்தீனில் கற்பிப்பது. எளிதில் கற்றுக்கொள்ளக்கூடியவன் என்பதுதான் முதலில் இருந்த பொருள். போகப்போக, சொன்னதைச் செய்துகொண்டு எதிர்ப்பேச்சில்லாமல் இருப்பவன் என்று ஆகிவிட்டது. மாட்டுக்கும் சொல்கிறார்கள், தொழிலாளிக்கும் சொல்கிறார்கள். ஆப்ஸ்டினேட், ரெசல்யூட் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிவாதம், உறுதி. ஆள் ஒருவர்தான், அவர் செய்வதும் ஒன்றுதான். சொல்பவருக்கு அது பிடித்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் சொல் மாறுகிறது. ஃப்ரூகல், மைசர்லி அதே மாதிரி. சிக்கனம், கஞ்சத்தனம். ஆகவே அந்தத் தலைப்பில் உள்ள சொற்களை ஜோடி ஜோடியாகப் படித்தேன். ஒருவரைப் பிடித்தவர் சொல்வது ஒரு பக்கம், பிடிக்காதவர் சொல்வது மறு பக்கம்.

சில ஜோடிகளுக்கு உழைப்பே தேவைப்படாது. மேக்னானிமஸ் என்பதில் பெரியது என்ற சொல்லும் மனம் என்ற சொல்லும் இருக்கின்றன. நம் பெருந்தன்மை ஏறக்குறைய அப்படியே. அதற்கு எதிரான பியூசிலானிமஸ் கோழையைக் குறிக்கும், அதற்குள் இருப்பது மிகச் சிறிய மனம். அந்த நீளமான சொல்லைப் பார்த்துப் பயந்த காலம் ஒன்று உண்டு.

மோதல் தலைப்புக்கு வருகிறேன். ரிவோல்ட், மியூட்டினி, ரெபலியன், இன்சரக்ஷன் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் கட்டில் 'கலகம்' என்றே இருந்தது. எனக்கு இதைப் பிரித்துக் காட்டியது நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கும் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரப் படை மீது பாய்ந்தார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, புது மாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று வந்த உத்தரவுகள் உடனடிக் காரணம். திப்பு சுல்தானின் பிள்ளைகளும் அப்போது அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அதை ஒடுக்கினார். பிடிபட்ட சிப்பாய்களில் கிட்டத்தட்ட 100 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் மியூட்டினி. படைவீரனோ மாலுமியோ தன் மேலதிகாரிக்கு எதிராகக் கிளம்பினால்தான் மியூட்டினி. அந்தச் சொல்லைச் சொன்ன உடனேயே மேலதிகாரிக்கு அங்கே இருக்க உரிமை உண்டு என்பதையும் நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நான் சின்ன வயதில் 'சிப்பாய்க் கலகம்' என்று கேட்டேன். மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூண் அருகே விழா நடந்தால் 'வேலூர்ப் புரட்சி' என்பார்கள். மூன்று பெயரும் ஒரே விடியற்காலையைத்தான் குறிக்கின்றன. ரிவோல்ட், ரெபலியன் இரண்டும் படைக்கு வெளியேயும் நடக்கலாம். இன்சரக்ஷன் ஆயுதத்தோடு அரசுக்கு எதிராக எழுவது. வரையறையை நான் பாடம் பண்ணவில்லை. கோட்டைச் சுவரை நினைத்துக்கொள்வேன், வந்துவிடும்.

ஆட்களின் பெயரே சொல்லாக மாறிய கதைகள் இன்னும் சுலபம். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பாய்காட். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880இல் விளைச்சல் மோசம். குத்தகைதாரர்கள் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், பிரபு 10 சதவீதத்துக்கு மேல் தர மறுத்தார். பாய்காட் அவர்களில் சிலரை நிலத்திலிருந்து வெளியேற்றப் பார்த்தார். ஊர் ஒன்றுசேர்ந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை. வயல் வேலைக்கு ஆள் போகவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை, கடிதம்கூடப் போய்ச் சேரவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து சுமார் 50 பேர் வந்து அறுவடை செய்தார்கள், அவர்களுக்குக் காவலாக ஆயிரம் பேர் அளவில் போலீஸும் ராணுவமும். 500 பவுண்டு பெறுமானமுள்ள விளைச்சலை எடுக்க 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே பாய்காட் அயர்லாந்தை விட்டுப் போய்விட்டார்.

அப்போது அங்கே இருந்த ஜேம்ஸ் ரெட்பாத் என்ற பத்திரிகையாளர் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். இப்படி ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கு என்ன சொல் போடலாம் என்று உள்ளூர்ப் பாதிரியார் ஓ'மாலியிடம் பேசிக்கொண்டிருந்தாராம். ஆஸ்ட்ரசைஸ் என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் குடியானவர்களுக்கு அது புரியாது, 'பாய்காட் பண்ணுவோம்' என்று சொல்லலாமா என்றாராம் பாதிரியார். இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. படித்தவர்களின் சொல் அந்த மக்களுக்கு உதவவில்லை, அவர்கள் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

அந்த ஆஸ்ட்ரசைஸ் ஏதென்ஸ் நகரத்துச் சொல். ஆஸ்ட்ரகான் என்றால் ஓட்டாஞ்சில்லு. யாரை நகரத்தை விட்டு அனுப்ப வேண்டுமோ அவர் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடு சேர்ந்தால், அதிகம் பெயர் வந்தவர் பத்து வருடம் வெளியேற வேண்டும். நம் உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்தார்கள், பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. உள்ளே எடுக்க ஓலை, வெளியே அனுப்ப ஓடு. இப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால் அந்தக் கடினமான ஆங்கிலச் சொல் மறக்கவே மறக்காது.

பாய்காட்டைத் தமிழில் புறக்கணிப்பு என்கிறோம், பழைய பத்திரிகைகளில் பகிஷ்காரம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் ஒன்று தெரியும்: ஊர்விலக்கு. ஊர்க் கட்டுப்பாடு போட்டால் தண்ணீர் கிடையாது, கடையில் சாமான் கிடையாது, வேலை கிடையாது. மேயோவில் நடந்த அதே காரியம்தான். ஆனால் அங்கே கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவரை ஒதுக்கினார்கள், இங்கே பெரும்பாலும் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை ஒதுக்குகிறார்கள். கருவி ஒன்று, பிடித்திருக்கும் கை வேறு. பட்டியல் சாதியினர் மீது சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ செய்வது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. சொல் படிக்க நான் வைத்திருந்த அட்டையில் பாய்காட் என்று எழுதி, கீழே இரண்டு அம்புக்குறி போட்டேன். ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி.

இனி சொல்ல வேண்டியது கொஞ்சம் கனமானது.

'பி' எழுத்தில் தொடங்கும் பக்கத்தில் ஒரு நாள் பரையா என்ற சொல் வந்தது. எதிரே 'ஒதுக்கப்பட்டவன், இழிந்தவன்' என்று இருந்தது. வேறு ஒரு குறிப்பும் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. என் தாத்தா பறையடித்தவர். சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊர் அவரைத்தான் கூப்பிடும், அடித்து முடித்தபின் தள்ளி நிற்கச் சொல்லும். அவருடைய தொழிலின் பெயர், எங்கள் பெயர், போர்ச்சுக்கீசியர் வழியாக 1600களில் ஆங்கிலத்துக்குப் போய், உலகத்தில் எங்கே யார் ஒதுக்கப்பட்டாலும் சொல்லும் பொதுச் சொல்லாகிவிட்டது. உலக நாடுகள் ஒதுக்கி வைத்த நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. நம் தெரு நாய்க்கும் ஆங்கிலேயர் அதே பெயரை வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து பரணில் இருந்த தாத்தாவின் பறையை இறக்கினேன். தோல் இறுகிக் கிடந்தது. அப்பா பழைய பேப்பரைக் கொளுத்தி அனல் காட்டினார். விரலால் தட்டியதும் வீடு முழுக்க அதிர்ந்தது. பறை என்றால் பழந்தமிழில் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேசுவதற்குப் 'பறயுக' என்றுதான் சொல்கிறார்கள். பறைசாற்றுவது என்று நாமும் எழுதுகிறோம். ஊருக்குச் சேதி சொன்னவர்களின் பெயர் அது. அதை இழிந்தவன் என்று மொழிபெயர்த்தது தாத்தாவின் வாய் அல்ல.

அந்த அட்டையில் பொருள் என்ற இடத்தில் நான் எழுதியது: 'தேர்வில் அவுட்காஸ்ட் என்பதைக் குறி. நீ எழுதும்போதும் பேசும்போதும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதே.' இன்றைக்கும் ஆங்கிலத்தில் கடிதமோ அறிக்கையோ எழுதும்போது அந்த இடத்தில் அவுட்காஸ்ட் என்றே போடுகிறேன். அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்லவும் வேண்டும். பயன்படுத்த வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. சொல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை முக்கியமாகச் சொல்லுவேன்: பட்டியலில் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை உங்கள் வாயில் ஏற்ற வேண்டியதில்லை.

அட்டை என்று சொல்லிக்கொண்டே வருகிறேன், அதை எப்படிச் செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் வெற்றுப் பக்கம் நல்ல கெட்டியாகக் கிடைக்கும். முன்னால் ஆங்கிலச் சொல் மட்டும். பின்னால் மூன்று வரி: யார் சொல்வது, யாரைப் பற்றிச் சொல்வது, நம் வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒன்றைக் கொண்டு ஒரு சொந்த வாக்கியம். மூன்றாவது வரி வராவிட்டால் அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மிரட்டிப் பறிப்பதைக் குறிக்கும் எக்ஸ்டார்ஷனுக்கு 'வேலொடு நின்றான் இடுவென்றது போலும் கோலொடு நின்றான் இரவு' என்ற குறளை எழுதினேன். வழிப்பறிக்காரன் வேலோடு நின்று 'கொடு' என்பது போன்றதுதான், கோலோடு நிற்கும் அரசன் கேட்பதும். யூசரிக்கு எங்கள் தெருவில் கந்துவட்டி வசூலுக்கு வரும் பைக்கின் சத்தத்தை எழுதினேன்.

நாளைக்கு 40 என்பதை 8 ஆக்கினேன். அட்டைகளை மூன்று ஸ்வீட் பெட்டிகளில் வைத்தேன். தினமும் பார்ப்பது, வாரம் ஒருமுறை பார்ப்பது, மாதம் ஒருமுறை பார்ப்பது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பினால் மறுபடி முதல் பெட்டிக்கு வரும். அவ்வளவுதான். மறக்கப்போகும் நேரத்தில் திரும்பப் பார்த்தால் நிலைக்கும், மறக்காததைத் தினமும் பார்ப்பது வீண். வேர் தெரிந்த சொற்களை ஒரு ரப்பர் பேண்டில் சேர்த்துக் கட்டிவிடுவேன்: எக்ஸ்டார்ட், டார்ச்சர், டார்மெண்ட், டிஸ்டார்ட் எல்லாம் லத்தீனில் முறுக்குவதைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அகர வரிசையில் மட்டும் படிக்கவே படிக்காதீர்கள். அபெட், அபேட் இரண்டையும் ஒரே நாளில் படித்து, குற்றத்துக்குத் துணைபோவது எது, தணிவது எது என்று நான் பட்ட பாடு போதும்.

இரண்டாவது தடவை எழுதியபோது ஆங்கிலத்தில் 21 சரியாக வந்தது. இப்போது வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வருவார்கள். என்னுடைய பழைய அட்டைகளை நான் அவர்களுக்குக் கொடுப்பதில்லை, வெட்டிய வெற்று அட்டைகளை மட்டும்தான் கொடுக்கிறேன். மூன்றாவது வரி அவர்கள் வீட்டிலிருந்து வர வேண்டும்.

போன வாரம் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேருலஸ் என்ற சொல்லை எடுத்தாள். ஓயாமல் பேசுபவர், வாயாடி. முதல் வரியில் 'அப்பா, பெரியப்பா, டீக்கடைக்காரர்' என்று எழுதினாள். இரண்டாவது வரியில் 'என்னை, அம்மாவை, ஆயாவை'. அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, "அண்ணா, இதையே ஆம்பளைங்களுக்குச் சொன்னா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். யோசித்தேன். "எலக்வெண்ட்னு ஒண்ணு இருக்கும்மா. நல்லாப் பேசறவர்."

அவள் இன்னொரு அட்டையை எடுத்து அதையும் எழுதி, இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டாள்.